எத்தனை தலையணை

நாற்பது நோயாளிகளிடமும் பேசி முடித்து மௌரீன் நாற்காலியில் சாய்ந்தபோது, ஆஸ்பத்திரி கொடுத்திருந்த கறுப்பு போன் அடித்தது. அதிலிருந்து கூப்பிட மட்டுமே முடியும், அதற்கு யாரும் கூப்பிட முடியாது என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள்.

"மாத்திரை போட்டுட்டேன் சிஸ்டர். தலகாணி ரெண்டு," என்றது ஒரு கிழக்குரல். உடனே வைத்துவிட்டது.

புருஷன் ஹெர்பர்ட் போய் ஆறு வருஷம். நர்ஸ் வேலையும் ஓய்ந்த பிறகு, மர்பி டவுன் வீட்டில் மௌரீனுக்குச் சுவரோடுதான் பேச்சு. அதனால்தான் இந்த வேலை வந்ததும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இதய நோயாளிகள் வீடு திரும்பியதும் தினமும் போனில் விசாரித்தால் நன்றாகத் தேறுகிறார்களா என்று ஆஸ்பத்திரி சோதித்துப் பார்த்தது. கேள்வி மூன்றுதான். மாத்திரை போட்டீங்களா, கால் வீங்கியிருக்கா, எத்தனை தலையணை வைத்துப் படுத்தீங்க. நெஞ்சில் நீர் கோத்தால் மட்டமாகப் படுக்க முடியாது. தலையணை ஏறிக்கொண்டே போகும்.

இன்னொரு நாற்பது பேரை யாரும் கூப்பிடக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் வேண்டுமாம்.

வள்ளியம்மா அந்த நாற்பதில் ஒருத்தி. திட்டத்தில் சேர்க்க மௌரீன் வார்டுக்குப் போனபோது, "எனக்குன்னு யாருமில்ல சிஸ்டர். டெய்லி போன் பண்ணுவீங்கல்ல?" என்று கையைப் பிடித்துக்கொண்டவள். மௌரீனும் வாய் கூசாமல் "கண்டிப்பா" என்றாள். மறுநாள் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு வள்ளியம்மாவை அந்தப் பக்கம் தள்ளியது. நம்பர் கையிலிருந்தும் மௌரீன் கூப்பிடவில்லை. விதியை மீறினால் வேலை போகும், தினம் தன்னோடு பேசும் நாற்பது குரல்களும் போகும். அந்தப் பயம்தான்.

அந்தப் போன் வந்த மறுநாள் மாலை மழை. மறுபடி அதே குரல். "தலகாணி மூணு." அடுத்த நாள், நாலு. வார்த்தைக்கு வார்த்தை நடுவே நீர் கொப்பளிக்கும் மூச்சு, வார்டில் முப்பது வருஷம் கேட்ட அதே மூச்சு. அது ஓய்ந்த பிறகும், எங்கிருந்தோ வந்த ஈரப் பஞ்சின் வாடை வீட்டை விட்டுப் போகவில்லை.

வைட்ஃபீல்ட் ஆபீசில் திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அதிதிக்குப் போன் போட்டாள். "வள்ளியம்மா எப்படிம்மா இருக்காங்க?"

"அவங்களா? வீட்டுக்குப் போன ஒன்பதாம் நாளே எக்ஸ்பயர் ஆயிட்டாங்க ஆன்ட்டி. மூணு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. கட்டில்ல சாஞ்சு உக்காந்தபடியே இருந்தாங்களாம். கையில போனு."

மௌரீன் கறுப்பு போனை மேஜை டிராயருக்குள் வைத்து மூடினாள்.

ஆறு மணி. போன் அடித்தது. எடுக்கவில்லை. விடாமல் அடித்தது. எடுத்தாள்.

"தலகாணி அஞ்சு."

குரல் படுக்கையறையிலிருந்தும் வந்தது.

கதவு பாதி திறந்திருந்தது. அவளிடம் இருப்பது ஒரே தலையணை. கட்டிலில் ஐந்து. சுவரோரம் அடுக்கி. நனைந்து. மேல் தலையணை நடுவில் ஒரு பள்ளம். தலை அளவு. மெல்ல ஆழமானது.

"மன்னிச்சிடுங்கம்மா," என்றாள்.

"காலைப் பத்திக் கேக்கவே இல்லியே, சிஸ்டர்."

போர்வைக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீண்டன. பளபளவென்று வீங்கி.

"அமுக்கிப் பாருங்க."

அவள் கை தானாகப் போனது. சில்லென்ற தோல். கட்டைவிரல் உள்ளே இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது.