தவிட்டுக்குருவிகள் சூழ்ந்த இடம்

வேலியில் கத்த வேண்டிய தவிட்டுக்குருவிகள், அன்று மாலை சமையலறை ஜன்னல் கம்பியில் வரிசையாக உட்கார்ந்து கத்தின. வழக்கமான சலசலப்பு இல்லை. தகரத்தை ஆணியால் சுரண்டுவது போல விட்டு விட்டு வரும் கரகரப்பு. அதற்கு அர்த்தம் ஒன்றுதான், பாம்பு. அந்த ஊரில் யாரும் பாம்பைத் தேடி அலைவதில்லை. தடியோடு காத்திருப்பார்கள். குருவிகள் சூழ்ந்துகொள்ளும் இடத்தில் அடிப்பார்கள்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி, கூடத்தில் தவழ்ந்துகொண்டிருந்த குழந்தையை வாரி எடுத்தாள்.

"என்னடி, உன் குழம்பு வாசனைக்கு விருந்தாளிங்களா?" மோட்டார் ரிப்பேர் பார்க்கும் கணவன், கை கிரீஸைத் துடைத்தபடி உள்ளே வந்தான். கத்தலைக் கவனித்ததும் சிரிப்பு போயிற்று. தடியை எடுத்தான்.

"சமையல்கட்டுலதான் இருக்கும். நீ இங்கயே நில்லு."

கத்தல் கூடத்து ஜன்னலுக்கு வந்தது. அவள் படுக்கையறைக்குள் போனாள். நனைந்த இறகின் புழுங்கிய நாற்றமும், கம்பியில் நகங்கள் கீறும் ஓசையும், சுவரில் துள்ளும் சின்னச் சின்ன நிழல்களும் அவளுக்கு முன்பே அங்கே வந்து காத்திருந்தன.

"பிள்ளை பின்னாடியே சுத்துதுங்கடா. துணியை உதறச் சொல்லு!" என்றாள், சத்தம் கேட்டு அறை வாசலுக்கு வந்த மாமியார்.

அவள் குழந்தையின் துணியை உதறினாள். ஒன்றுமில்லை. மாமியாரின் பார்வை குழந்தையின் மேல் நிலைத்தது.

"இது நம்ம பிள்ளைதானாடா?"

"என்ன பேச்சு அத்தை இது!"

அவள் குழந்தையோடு கொல்லைக்கு ஓடினாள். குருவிகளும் வந்தன. தடியோடு கணவனும் வந்தான்.

"பிள்ளையைக் கீழ வை."

"மாட்டேன்."

"வைன்னு சொல்றேன்ல!"

அவன் தடியை இறுகப் பிடித்தபடி நெருங்கினான். அந்தத் தடி குழந்தை மேல் விழுந்துவிடக் கூடாது. தனியாக விட்டால், குருவிகள் பிள்ளையைச் சூழவில்லை என்று அவனே பார்த்துவிடுவான். துவைக்கும் கல்லின் மேல் குழந்தையை உட்கார வைத்துவிட்டுப் பின்வாங்கினாள். ஐந்தடி. பத்தடி.

"பாருங்க. நல்லாப் பாருங்க!"

குருவிகள் குழந்தையைக் கடந்து பறந்தன. அவளைச் சுற்றி இறங்கின.

இடப்பக்கம் நகர்ந்தாள். வட்டமும் நகர்ந்தது.

வலப்பக்கம். வட்டமும்.

"ஏங்க..."

பின்னாலேயே வந்திருந்த மாமியார் குழந்தையை வாரிக்கொண்டு உள்ளே ஓடினாள். தாழ்ப்பாள் விழுந்தது. கணவன் தடியை ஓங்கினான். அவன் கண்ணில் அவளை அடையாளம் தெரிந்த குறியே இல்லை.

உள்ளே குழந்தை பசித்து அழுதது.

அவளுக்குப் பால் சுரக்கவில்லை. நாக்கு மட்டும் வெளியே நீண்டது. மெல்ல. காற்றில், குழந்தையின் வாசனையைத் துழாவியது.