அம்மாவின் முகம்

பரணில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பேச ஆரம்பிக்கும் முன் செருமுவார்களே, அப்படி. பேச்சு மட்டும் வரவே இல்லை. பழைய பெட்டிகளும் உடைந்த மின்விசிறியும் பூச்சி உருண்டை நெடியுமாக அடைந்து கிடக்கும் அந்தப் பரண், அவள் நாற்காலிக்கு நேர் மேலே இருந்தது; அதன் பலகைக் கதவு அரை விரல் அளவு திறந்திருந்தது. அவள் சட்டென்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

அப்படிப் பார்க்கச் சொன்னது மனநல டாக்டர்தான். "சத்தம் கேட்டா பக்கத்துல இருக்கறவங்க முகத்தப் பாருங்க. அவங்க திரும்பலன்னா அங்க சத்தமே இல்லன்னு அர்த்தம். நோய் இன்னும் வரலம்மா. வரலாம்னு ஒரு சந்தேகம், அவ்வளவுதான்." கூடவே குறைந்த அளவில் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

சந்தேகத்துக்கு மாத்திரை! வராத நோய்க்கு வாயெல்லாம் வறண்டது. எந்நேரமும் பசித்தது, ஜீன்ஸ் இடுப்பில் ஏற மறுத்தது. ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பது அவள் வேலை. யாருக்கும் பிடிபடாத முணுமுணுப்பைக்கூட அவள் காது பிடித்துவிடும் என்று ஆபீசில் பெயர் வாங்கியிருந்தாள். இப்போது ஹெட்ஃபோனை மாட்டியதுமே கண் சொருகியது. அவள் இடத்தில் வேறொரு பெண்ணை உட்கார வைக்கப்போவதாகப் பேச்சு அடிபட்டது.

வீட்டில் அதைவிடக் கொடுமை. டீயில் சர்க்கரை இல்லை என்று அவள் சொன்னாலும் அண்ணன், "மாத்திரை போட்டியா?" என்பான். கதவை அடித்துச் சாத்தினால் மாத்திரை போட்டியா. சிரித்தால் மாத்திரை போட்டியா. அவள் கோபத்தைக் கோபமாக எடுத்துக்கொள்ளக்கூட அந்த வீட்டில் ஆளில்லை.

"ஒரே ஒரு தடவ பரண்ல ஏறிப் பாருண்ணா. ஒண்ணுமில்லன்னா நான் வாயே தெறக்கல."

"நான் ஏறிப் பாத்தா, நீ சொல்றத நம்பற மாதிரி ஆயிடும்."

"ஏணி எடுக்கச் சோம்பல். அதுக்கு இப்படி ஒரு சாக்கா?"

அம்மாதான் கெஞ்சினாள். "எனக்காகப் போட்டுக்கோ பாப்பா. நீ நல்லா இருந்தா போதும்." அதற்குமேல் என்ன பேசுவது? எரிச்சலோடு விழுங்கினாள்.

செருமல் மெல்ல மெல்லத் தேய்ந்தது. அடுத்த தெருவில் கேட்பதுபோல ஆகி, பிறகு அடங்கியே போனது. ஒரு சாயங்காலம் காத்திருந்து பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. நிம்மதியாக இருந்தது, அவ்வளவு சண்டையும் வீண்தானே என்று வெட்கமாகவும் இருந்தது. பலகைக் கதவு இப்போது ஒரு சாண் திறந்திருந்தது. மரம் வெயிலில் வளைந்திருக்கும் என்று விட்டுவிட்டாள்.

"அம்மா, அது போயிடுச்சும்மா."

அம்மாவின் கையில் பாதி மடித்த துண்டு. முகம் திரும்பியிருந்தது. மேலே. பரணை நோக்கி.

அறை வாசலுக்கு வந்த அண்ணனும் அப்படியே நின்றான். அவனும் மேலேதான் பார்த்தான்.

"யாரும்மா அது?" என்றான். "அங்க யாரு பேசறது?"

அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். மின்விசிறி. தெருவில் ஒரு வண்டி. வேறொன்றும் இல்லை.

"என்ன பேசுது? எனக்கு ஒண்ணுமே கேக்கலையே! சொல்லித் தொலைங்க!"

"பாப்பா..." அம்மாவின் உதடு வெளுத்திருந்தது. "உன்னத்தான் கூப்பிடுது. ஏன் இப்பல்லாம் நிமிர்ந்தே பாக்கறதில்லைன்னு..."

பூச்சி உருண்டை நெடி கீழே இறங்கியது. அவள் தோளில் தூசி உதிர்ந்தது.

நிமிர முடியவில்லை. பழக்கம் விடவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

அம்மாவின் கண்கள் பரணை விட்டு மெதுவாக இறங்கின. சுவர் வழியாக. ஜன்னல் கம்பி வழியாக. நாற்காலியின் முதுகு வரை.

அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றன.