வாலை இழுத்தால் சிறகடிக்கும்

சீரிஸ் குறுங்கோளின் நிலத்தடிக் குடியிருப்பில் காலை ஆறு மணிக்கு எல்லோரும் வரிசையில் நின்று அன்றைய காற்றை வாங்கிக்கொள்வார்கள். ஆளுக்கு ஒரு குடுவை. முன்னால் நிற்பவர் யாரென்று பார்க்கிற வழக்கமில்லை. விழிக்குள் பதித்திருக்கும் கண்திரையில் அவரவருக்கு ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்.

காற்று வடிகட்டிகளில் தாள் மாற்றுவது மரகதவல்லியின் வேலை. பூமியிலிருந்து வந்து மூன்று வருடமாகிறது. அங்கே இருக்கும் மகளிடம் "சாப்பிட்டியா?" என்று கேட்டால் பதில் வந்துசேர முக்கால் மணி நேரம். இங்கேயோ, கேட்கவே ஆளில்லை.

ஒருநாள் கழித்துப்போட்ட தாளைச் சுருட்டப்போன கை, தானாகவே அதை மடிக்கத் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் செய்த பறவைதான். நடுவில் ஒரு மடிப்பு மறந்துபோய், நான்கு தாள் வீணான பிறகு ஐந்தாவதில் வந்தது. வாலை இழுத்தால் சிறகடித்தது.

அதைச் சாப்பாட்டுக்கூடத்தின் நடு மேசையில் வைத்தாள். பக்கத்தில் ஒரு அட்டை: 'மடிக்கச் சொல்லித்தருகிறேன். அறை 114.' அருகிலேயே நின்றுகொண்டாள்.

கூட்டம் கூடிவிட்டது. அங்கே பிறந்தவர்கள் பறவை பார்த்ததில்லை, காகிதப் பறவைகூட.

"கையாலயா செஞ்சீங்க?" என்றாள் ஒரு பெண்.

"ஆமாம்மா. உட்காரு, ரெண்டு நிமிஷத்துல சொல்லித்தர்றேன்."

"கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? உங்க நிழல் விழுது."

கண்திரையில் படம் பிடித்துக்கொண்டு அவள் போய்விட்டாள். அடுத்து வந்தவரும் தள்ளிக்கொள்ளச் சொன்னார். சாப்பாட்டு நேரம் முடியும்போது மரகதவல்லி எச்சில் தட்டுகள் அடுக்கும் சுவரோரம் நின்றிருந்தாள்.

அறைக்குத் திரும்பிக் கண்திரையைத் திறந்தால், அவள் பறவை அங்கே சிறகடித்துக்கொண்டிருந்தது. எட்டாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். எண் ஏறிக்கொண்டே இருந்தது. கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கதவு தட்டப்பட்டது. மூன்று வருடத்தில் முதல்முறை.

"அக்கா, பக்கத்து அறை அந்தோணிராஜ். அட்டையைப் பார்த்தேன். தாள் கொண்டாந்திருக்கேன்."

எழப்போனவள் எண்ணைப் பார்த்தாள். "இதோ தம்பி, ஒரு நிமிஷம்," என்றாள். ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம். பத்தாயிரம் ஆனதும் எழுந்துவிடலாம். ஆனது. செவ்வாயிலிருந்து யாரோ பாராட்டியிருந்தார்கள். அதையும் படித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

நடைவழியில் யாருமில்லை. வாசலில் ஒரு தாள் கிடந்தது. சரிபாதியாக மடித்து, அதற்கு மேல் தெரியாமல் விட்டிருந்தான்.

அதை எடுத்துக்கொண்டு போய் அவன் கதவைத் தட்டினாள்.

"யாரு?"

"நான்தான் தம்பி, மரகதவல்லி. மடிக்கலாம் வா."

"ஒரு நிமிஷம்க்கா," என்றது உள்ளேயிருந்து குரல். "உங்க பறவைதான் ஓடிக்கிட்டிருக்கு. பார்த்துட்டு வந்துடறேன்."