நூற்றுக்குப் பதினோரு ஓட்டை

"இன்னைக்காவது மூடியைக் கொஞ்சம் பொறுத்துத் திறங்க" என்றாள் நிவேதிகா.

"பசிக்குது" என்றார் லோகித். சொன்ன கையோடு திறந்தும் விட்டார். குபுக்கென்று ஆவி கிளம்பி இருவருக்கும் நடுவிலிருந்த கண்ணாடியில் படர்ந்தது. அவர் முகம் காணாமல் போயிற்று. ஊதும் சத்தம் மட்டும் ஒலிபெருக்கி வழியாக இந்தப் பக்கம் கேட்டது.

"ஜில்லாவுலயே தயிர்சாதத்தை ஊதி ஊதிச் சாப்பிடற ஒரே ஆம்பள நீங்கதான்."

"கொதிக்கக் கொதிக்கத் தயிர்சாதம் அனுப்பற ஒரே பொம்பள நீ."

அவள் என்னவோ ஆறவைத்து, மாங்காய் அரிந்துபோட்டு, மாதுளை தூவி, பக்குவமாகத்தான் கொண்டுவந்திருந்தாள். சந்திப்பறையின் நடுச்சுவரில் சூட்டுப்பெட்டி ஒன்று இருக்கிறது. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிற எந்தப் பொருளும் அதற்குள் கால்மணி நேரம் வெந்துதான் போகவேண்டும். காலி டிபன் கேரியர் திரும்பி வரும்போதும் அப்படியே. கண்ணுக்குத் தெரியாத ஒரு முட்டையோ ஒரு குளவியோ ஒட்டிக்கொண்டு வந்துவிடக்கூடாது என்பதற்காக வாரியம் செய்த ஏற்பாடு.

நிவேதிகா புழுவகத்தின் காப்பாளர். கத்திரிக்காயைத் துளைக்கும் காய்ப்புழுவை வளர்ப்பது அவள் உத்தியோகம். லோகித் குளவியகத்தின் காப்பாளர். அந்தப் புழு அளவுக்குமேல் பெருகாதபடி அதன் முட்டையைத் தேடிக் குத்தி, அதற்குள் தன் முட்டையை வைத்துவிடுகிற முட்டைக்குளவியை வளர்ப்பது அவர் உத்தியோகம். குளவி என்றதும் கொட்டுமோ என்று பயப்பட வேண்டாம். கடுகில் கால்வாசிகூட இருக்காது. ஒட்டன்சத்திரத்துக்குக் கிழக்கே அவள் கூடம், ஏழு கிலோமீட்டர் தள்ளி அவர் கூடம், நட்டநடுவில் இந்தக் கண்ணாடி அறை. பதினாலு வருஷமாக அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் இதுதான்.

குளவி இருக்கும் கூடத்தில் குளவிக்காப்பாளர் குடியிருக்க வேண்டும் என்பது வாரிய விதி. அங்கிருந்து அவர் அவள் வீட்டுக்கு வருவதானால் இருபத்தொரு நாள் விலகல் விடுதியில் தனியாக இருந்து, சோதனையில் தேறி வரவேண்டும்; அவள் அங்கே போய்த் திரும்பினாலும் அப்படியே. வருஷத்தில் கிடைக்கும் லீவு இருபத்துமூன்று நாள். "இருபத்தொரு நாள் ஜெயில், ரெண்டு நாள் ஜாமீன்" என்பார் லோகித். கல்லூரியில் ஒரே மேசையில் பூச்சி பிடித்தவர்கள், ஒரே மேடையில் மாலை மாற்றியவர்கள். வேலை மட்டும் இப்படி வாய்த்தது.

புழுவை எதற்கு வளர்க்கவேண்டும் என்று இந்தக் காலத்தில் யாரும் கேட்பதில்லை. முந்தின தலைமுறை, மரபணுத் துடைப்பான் என்று ஒன்றைச் செய்து, காய்கறித் தோட்டங்களிலிருந்து பூச்சிகளை ஒரேயடியாகத் துடைத்து எடுத்தது. முதல் வருஷம் ஊரெல்லாம் பட்டாசு வெடித்தார்கள். ஐந்தாம் வருஷம் கத்திரிக்காய் பீங்கான்போல மின்னியது, வாயில் வைத்தால் வெந்நீர்போல இருந்தது. கடிபடாத செடி, தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கிற காரத்தையும் மணத்தையும் மறந்துபோயிருந்தது. தக்காளி அப்படி, அவரை அப்படி. குருவிகள் எந்தப் பக்கம் போயின என்றே தெரியவில்லை. அதன்பிறகுதான் கடிபங்கு வந்தது. நூறு காயில் பதினோரு காயிலாவது ஓட்டை இருக்கவேண்டும். மார்க்கெட்டில் இன்று கூடையைக் குனிந்து பார்க்கிறவர்கள் ஓட்டையைத்தான் தேடுகிறார்கள். கோணி ஊசியால் ஓட்டை போட்டு விற்ற ஒரு வியாபாரியை, மணத்தை அளக்கும் மூக்குமானி போன வருஷம் காட்டிக்கொடுத்தது.

ஆவி வடிந்து லோகித்தின் முகம் மறுபடி தெரிந்தது. "என்ன, மூஞ்சி சரியில்ல?" என்றார்.

"நேத்தும் கண்ணாடியிலதான் முட்டை."

"இலைக்கு அடியில?"

"ஒண்ணுகூட இல்ல. அந்துப்பூச்சி பட்டப்பகல்ல, கூண்டுக் கண்ணாடி மேல, புள்ளி வச்சுக் கோலம் போட்ட மாதிரி வரிசையா வைக்குது. புழு பொரிச்சு வந்தா காயைத் துளைக்கறதில்ல. மேல ஏறி உக்காந்து வெயில் காயுது. தோட்டத்துல விட்டா மைனாவுக்குப் பலகாரம்."

"என் பசங்க மட்டும் என்ன வாழுதாம்? நீ வாரிய வண்டியில அனுப்பற காகித அட்டையில முட்டை ஒட்டியிருந்தா நடந்துவந்து குத்துது. குறுக்க ஒரு இலையை வச்சேன். சுத்திப் போகத் தெரியல. உக்காந்து என்னையப் பாக்குது."

"சிரிக்காதீங்க. வாரியத்துல லெட்டர் வந்துருச்சு."

அவர் கை நின்றது.

இந்தப் பகுதியின் கடிபங்கு நூற்றுக்கு நாலாக இறங்கிவிட்டது. மூன்று மாதத்தில் பார்வையாளர் வருவார். அப்போதும் இப்படியே இருந்தால் புழுவகத்தை மூடிவிடுவார்கள். முட்டைகள் உறைகிடங்குக்குப் போகும். புழு இல்லாத ஊரில் குளவி எதற்கு? அதையும் மூடுவார்கள். லெட்டரின் கடைசிப் பத்தியில் இருவருக்கும் மாற்று இடம்கூடப் போட்டிருந்தது. அவளுக்குச் சென்னையில் ஒரு மேசை, அவருக்கு ஓசூரில் ஒரு மேசை.

"ஓசூருக்கும் சென்னைக்கும் நடுவுல கண்ணாடி ரூம் கட்டித் தருவாங்களா?" என்றார் லோகித்.

"சாப்பிடுங்க, ஆறிடப்போகுது" என்றாள் அவள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிவேதிகா ஒரு காரியம் செய்தாள். சூட்டுப்பெட்டியைப் பழுதுபார்க்கிறவர்களுக்காக 'காலிப்பெட்டி' என்று ஒரு நிலை உண்டு. அதில் வைத்தால் சூடேறாமலே அந்தப் பக்கக் கதவு திறக்கும். இன்னும் பத்துப் பன்னிரண்டு ஞாயிறுதான் என்று கணக்குப் போட்ட மனசு, கேரியரை உள்ளே வைத்துவிட்டு அந்தப் பொத்தானை அழுத்தியது.

லோகித் மூடியைத் திறந்தார். ஆவி வரவில்லை. கேரியரைத் தொட்டுப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஒரு வாய் எடுத்து வைத்தவர் கண்ணை மூடிக்கொண்டார். பதினாலு வருஷத்தில் முதல்முறையாக அந்தக் கண்ணாடி வழியே, முதல் வாயிலிருந்தே அவர் சாப்பிடும் முகத்தை அவள் முழுசாகப் பார்த்தாள். இடதுபக்கக் கடைவாயில்தான் மெல்லுகிறார். வலதுபக்கம் பல் போயிருக்கிறது போலும், சொல்லவே இல்லை.

"மாதுளை போட்டிருக்க" என்றார் கடைசியில்.

"எப்பவும்தான் போடறேன். வெந்து போயிருக்கும்."

கழுவிய கேரியர் திரும்பி வந்தபோது பெட்டி இன்னும் காலிப்பெட்டி நிலையிலேயே இருந்ததை அவள் மறந்திருந்தாள். அவர் கவனித்திருந்தார். கவனித்ததனால்தான், வாசலில் பூத்திருந்த செண்பகம் ஒன்றைப் பறித்துவந்து உள்ளே வைத்து அனுப்பினார். இதுவரை எத்தனையோ பூ வைத்துப் பார்த்து, எல்லாம் வெந்த கீரையாகத்தான் வந்து சேர்ந்திருந்தன. இது வாடாமல் வந்தது. அவள் தலையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினாள். சாயங்காலம் புழுவகத்துக்குள் போகுமுன் விதிப்படி குளித்தாள், உடுப்பு மாற்றினாள். பூவை மட்டும் எடுத்துத் திரும்ப வைத்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் காலையில் கூண்டுக் கண்ணாடியில் கோலப்புள்ளிகள் கறுத்திருந்தன.

கறுத்த முட்டை என்றால் உள்ளே குளவி வளர்கிறது என்று அர்த்தம். நிவேதிகா நாலு கூண்டையும் பார்த்தாள். நாலும் கறுப்பு. நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தாள்.

"ஏங்க, அந்தப் பூவை எங்க பறிச்சீங்க?"

"வாசல்ல. ஏன்?"

"வாசல் எங்க இருக்கு?"

"குளவியகத்தை ஒட்டி" என்றார். பிறகு, "எத்தனை கறுப்பு?"

"வெள்ளையை எண்ணறது சுலபம்."

"ரிப்போர்ட் எழுது நிவே. என் பேரைப் போடு. பூ வச்சது நான்."

"பெட்டியை மாத்தினது நான். எழுதினா இன்னைக்கே வந்து கூண்டோட எரிப்பாங்க."

"விதி அதுதானே."

"தெரியும். எரிக்கறவங்க மூணு மாசம் கழிச்சு எரிக்கட்டும். அதுவரைக்கும் நான் பாக்கணும். கண்ணாடியில வச்ச முட்டை எல்லாத்தையும் உங்க பசங்க கண்டுபிடிச்சுட்டாங்க. ஆனா மூணாம் கூண்டுல ஒரு இலைமடிப்புக்குள்ள ஏழு முட்டை வெள்ளையா இருக்கு."

அவள் அதுவரை பொய் ரிப்போர்ட் எழுதியவள் அல்ல. அந்த வாரம் ரிப்போர்ட்டே எழுதவில்லை. இரவில் தூக்கம் வராமல் போனதும் அந்த வாரத்திலிருந்துதான்.

முதல் தலைமுறை கிட்டத்தட்ட அழிந்தது. நாலு கூண்டிலும் சேர்த்து முப்பத்தொரு அந்துப்பூச்சிதான் மிஞ்சியது. லோகித்துக்கு அனுப்பும் அட்டைக்கு முட்டை போதவில்லை. வேலியில் மாட்டிய ஆடுமாதிரி திணறிப்போவாள் என்று லோகித் பயந்தார். அவளோ அந்த முப்பத்தொன்றையும் கூண்டிலிருந்து எடுத்து, வலைப்பந்தல் போட்ட சோதனைப் பாத்தியில் விட்டாள். கூடவே குளவியும் போயிற்று. அந்துப்பூச்சிகள் கண்ணாடியைத் தேடவில்லை. இலையின் அடிப்பக்கம், பூவின் மடிப்பு, காம்புக்குக் கீழே காயின் தொப்பி என்று இடம் பார்த்து, ஒன்றொன்றாக முட்டை வைத்தன. குளவிகளும் இலையைச் சுற்றிப் போகத் தொடங்கியிருந்தன.

"ஒளியறதுக்குக் கத்துக்கிட்டாங்க" என்றாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"கத்துக்கல. ஒளியாததெல்லாம் போயிருச்சு. ஒளிஞ்சது மிச்சம்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல. காலேஜ் பரீட்சையிலயும் நீ இதையேதான் எழுதின. மார்க்கு போச்சு."

"பக்கத்துல உக்காந்து எட்டிப் பாத்து எழுதினவருக்கும் போச்சு" என்றாள் அவள். தயிர்சாதம் மறுபடி கொதித்துக்கொண்டுதான் போயிற்று. பெட்டியில் அவள் கை வைக்கவே இல்லை.

மூன்றாம் மாதக் கடைசி வியாழக்கிழமை கடிபங்குப் பார்வையாளர் வந்தாள். பூவிழி என்று பெயர். முப்பது வயதிருக்கும், தோளில் மூக்குமானி, கையில் கத்தி. கூண்டுக் கண்ணாடியைத் தடவிப் பார்த்தாள்.

"முட்டையே இல்லையே, மேடம். கூட்டம் செத்துப்போச்சா?"

"பாத்திக்கு வாங்க."

பூவிழி நூறு காயைப் பறித்து வரிசையாக வைத்தாள். பார்வைக்கு ஓட்டை நாலில்தான் இருந்தது. "அதே நாலுதான்" என்று எழுதப்போனவளின் மூக்குமானி விடாமல் முனகிக்கொண்டிருந்தது. அவள் அதைத் தட்டிப் பார்த்தாள். ஒரு காயை எடுத்துக் காம்பின் தொப்பியைக் கத்தி முனையால் தூக்கினாள். ஊசிமுனை அளவு துளை. பிளந்தால் உள்ளே ரோஸ் நிறத்தில் புழு நெளிந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. எல்லாம் சேர்த்து நூற்றுக்குப் பதின்மூன்று.

"இது எங்க போய் நுழைஞ்சிருக்கு" என்று சிரித்தவள், பிளந்த காயை மூக்கருகே கொண்டுபோனாள். அப்படியே நின்றாள். "எங்கம்மா சொல்லும், கத்திரிக்காய் வதக்கினா தெருமுனைக்கு வாசம் வரும்னு. நான் அதைக் கதைன்னு நினைச்சேன்."

பிறகு இலையைத் திருப்பினாள். அங்கே ஒரு கறுத்த முட்டை.

நிவேதிகா அதற்காகக் காத்திருக்கவில்லை என்று சொல்லமுடியாது. "குளவிதான். மூணு மாசமா இங்க இருக்கு. நான் எழுதல" என்றாள். பெட்டியை மாற்றியதையும் பூவையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

"ஒரு தயிர்சாதத்துக்கா?"

"ஆமா."

"சூடா சாப்பிட்டா என்னவாம் அவருக்கு?"

"பதினாலு வருஷம் சாப்பிட்டாரே."

பூவிழி வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். படிவத்தை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினாள். "எரிக்கணும்னு இருக்கு. எரிச்சா பதிமூணும் போயிரும். அதுக்கு நான் பதில் சொல்ல முடியாது. எரிக்கலைன்னா இதை என்ன கூடம்னு எழுதறது? குளவி இருக்கற இடம் குளவியகம். அப்படித்தானே விதி?" கொஞ்சம் யோசித்தாள். பேனாவை மூடினாள், திறந்தாள். "அப்ப இது குளவியகம்தான். தற்காலிகமா ஆறு மாசம்னு போடறேன். மேல இருக்கறவங்க ஒத்துக்குவாங்களான்னு தெரியாது. நீங்க எழுதாம விட்டதையும் எழுதத்தான் செய்வேன், அதுக்கு விசாரணை வரும்."

"வரட்டும்."

"இன்னொண்ணு இருக்கு. நீங்க புழுக்காப்பாளர். குளவியகத்துல குளவிக்காப்பாளர் குடியிருக்கணும். ஆள் இல்லாம நான் இடத்தைவிட்டுப் போகமுடியாது. யாரையாவது வரச்சொல்லுங்க அக்கா" என்று சொல்லிவிட்டு, படிவத்திலிருந்து தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டே இருந்தாள்.

லோகித் ஒரு பையோடும், தன் கூடத்தில் மிஞ்சியிருந்த குளவி அட்டை ரெண்டோடும் மத்தியானத்துக்குள் வந்து சேர்ந்தார். குளவியகத்திலிருந்து குளவியகத்துக்கு வருகிறவருக்கு விலகல் விடுதி இல்லை, சோதனை இல்லை. படியில் நின்று, செருப்பை எங்கே விடுவது என்று கேட்டார். கதவை எப்படித் திறப்பது என்பதுபோல அவள் ஒரு நிமிஷம் நின்றாள். பூவிழி கத்திரிக்காய் வதக்கலை ரெண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வண்டியேறினாள்.

பிறகு நிவேதிகா தட்டில் தயிர்சாதம் போட்டு, மாதுளை தூவி, அவர் முன்னால் வைத்தாள். நடுவில் கண்ணாடி இல்லை. மண்பானையில் இருந்த தயிர் என்பதால் தட்டின் விளிம்பு சில்லிட்டிருந்தது.

லோகித் ஒரு வாய் அள்ளினார். உதட்டருகே கொண்டுபோனவர், ஃபூ, ஃபூ என்று ஊதினார்.

ஊதி முடிக்கட்டும் என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.