நானூறு வாட்

படையல் அறையின் கதவைத் திறந்தபோது சோறு வைத்தபடியே இருந்தது. ஆட்டிறைச்சிக் கறி ஆறி ஆடை படர்ந்திருந்தது, கணவாய்ப் பொரியலில் ஒரு துண்டுகூட இடம் மாறவில்லை, சோடாவில் குமிழிகள் அடங்கிவிட்டன. வாழையிலைக்குப் பின்னால் மேசையில் வைத்திருந்த புதுக் கம்ப்யூட்டரில் மட்டும் ஒரு வித்தியாசம். அதன் பக்கக் கண்ணாடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறை உரிக்கப்பட்டிருந்தது. உரித்ததோடு நிற்காமல், அதை நான்காக மடித்து கீபோர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தும் இருந்தது.

பராசக்தி பயப்படவில்லை. உண்மையைச் சொல்வதென்றால் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. எட்டு நாளில் முதல் தடவையாக மூச்சு முழுதாக வந்தது. அந்த வீட்டுக்குப் புதுச் சாமான் எது வந்தாலும் உறையை உரிக்கிற உரிமை அவளுடைய மகன் டிலக்ஷனுக்குத்தான் இருந்தது. பற்றரி போடுகிற ரோச் லைற் வாங்கினாலும் அவன்தான் உரிப்பான்.

அவனுக்குப் பத்தொன்பது வயது. கார்த்திகை மழையோடு வந்த டெங்கு ஐந்தே நாளில் கொண்டுபோய்விட்டது. கணவர் போன பிறகு உரும்பிராயில் வாழைத் தோட்டத்தோடு மல்லுக்கட்டி இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் பராசக்தி. கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமென்று அவன் கேட்டபோதெல்லாம் "சோதினை முடியட்டும்" என்றாள். சோதினை முடிந்ததும் "றிசல்ட் வரட்டும்" என்றாள். அந்தச் சொல்தான் இப்போது அவளைத் தின்றுகொண்டிருந்தது.

இறந்த எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, இறந்தவர் ஆசைப்பட்டதையெல்லாம் படைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்பார்கள். பிறகு படைத்ததில் எடுத்து முச்சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வருவார்கள். வந்தவர் தன் பங்கோடு போய்விட வேண்டும் என்பது கணக்கு. ஆனால் இவன் ஆசைப்பட்டது அடுப்பில் வேகிற சாமான் இல்லையே. இரசாயனவியல் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அவன் எழுதி வைத்திருந்த பட்டியலைக் கிழித்தெடுத்துக்கொண்டு, அதற்கு முதல் நாள் யாழ்ப்பாணம் டவுனில் ஜெயரூபனின் கம்ப்யூட்டர் கடைக்குப் போயிருந்தாள்.

ஜெயரூபன் பட்டியலைப் பார்த்ததும், அவள் கையிலிருந்த காசுக்குள் அது அடங்காது என்று சொல்லிவிட்டான். நல்ல பொடியன், அவளை ஏமாற்ற நினைக்கவில்லை.

"புரொசசர் எழுதியிருக்கிற உதைவிடக் குறைஞ்சது போடலாம் அன்ரி, கேமுக்குக் காணும். மதர்போர்ட்டும் இவ்வளவு விலையிலை தேவையில்லை. கிராபிக்ஸ் கார்ட்டிலைதான் காசைப் போடவேணும். பாவிச்சது ஒண்டு நல்ல நிலையிலை இருக்கு, தாறன்."

வெளிச்சம் போடும் காற்றாடிகளைக் குறைக்க அவள் விடவில்லை. அவற்றின் கீழே மகன் இரண்டு கோடு போட்டிருந்தான். கண்ணாடிப் பெட்டியையும் விட மனமில்லை. கடைசியில் குறைக்க மிஞ்சியது பவர் சப்ளை, பெட்டியின் அடியில் யார் கண்ணுக்கும் தெரியாமல் கிடக்கிற மின்சாரம் கொடுக்கிற ஒரு கறுப்புக் கட்டி. அறுநூற்றைம்பது வாட் என்று அவன் எழுதியிருந்த இடத்தில் பெயர் தெரியாத ஒரு நானூறு வாட்டை அவள் எடுத்து வைத்தாள்.

"அன்ரி, எதிலை வேணுமெண்டாலும் குறையுங்கோ, உதிலை குறைக்காதேங்கோ. இந்தக் கார்ட்டுக்கு உந்தப் பவர் காணாது, இன்னும் வேணும். பவர் குறைஞ்சு எரிஞ்சு போச்செண்டால் அது தனியப் போகாது, மற்றச் சாமானையும் சேர்த்துக் கொண்டுதான் போகும்."

"உது ஓடப்போறேல்லை தம்பி. படையலுக்குத்தான்."

ஜெயரூபன் அந்த நானூறு வாட்டையே எடுத்தான். எல்லாவற்றையும் பொருத்திப் பூட்டிக் கொடுத்து, கூலி வேண்டாமென்றுவிட்டான்.

இப்போது ஓலைப்பெட்டியில் சோற்றை அள்ளிய அவளுடைய தமையன் ஏரம்பு, கம்ப்யூட்டரைக் காட்டி, "உதையும் தூக்கு சக்தி. வைச்சது எல்லாம் வெளியாலை போகவேணும்" என்றார்.

"ஒண்டரை லட்சத்தை முச்சந்தியிலை வைக்கச் சொல்லுறியளோ அண்ணை?"

காசு வெறும் சாட்டு. மடித்து வைத்த அந்த உறையைக் கண்ட பிறகு அவனை அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. ஏரம்பு சோற்றை மட்டும் கொண்டுபோனார்.

அதற்கு மூன்றாம் நாள் பின்னேரம், டிலக்ஷன் படித்த காலத்தில் ரியூசன் முடிந்து வருகிற நேரம், தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருக்க, வாழையிலைகள் ஒன்றோடொன்று அடிபட்டு ஓய, கிணற்றடியில் தவளைகள் விட்டுவிட்டுக் கத்த, அத்தனைக்கும் அடியில் ஒரே சீராக ஒரு இரைச்சல் ஓடுவது பராசக்திக்குக் கேட்டது. படையல் வைத்த அவன் அறைக் கதவின் கீழால் நீலமும் சிவப்பும் பச்சையுமாக வெளிச்சம் மாறி மாறிச் சீமெந்துத் தரையில் வழிந்தது. புதுப் பிளாஸ்டிக் சூடேறும் வாசம். பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்த மகள் தர்சிகா தலை நிமிராமல் சொன்னாள்.

"அண்ணை எழும்பிட்டார் போலை."

உள்ளே காற்றாடிகள் சுழன்றன. திரையில் ஒரு காட்டுப் பாதை. டிலக்ஷன் பின்னால் சாய்ந்து ஆடி ஆடிப் படிக்கிற பிளாஸ்டிக் கதிரை மேசையிலிருந்து சற்றுத் தள்ளி, ஆள் இருந்தால் இருக்க வேண்டிய தூரத்தில் நின்றது. மின்வயர் கடையில் கட்டிக் கொடுத்த கட்டு அவிழாமல் மேசைக்குக் கீழே சுருண்டு கிடந்தது. சுவரில் எதுவும் செருகியிருக்கவில்லை.

பராசக்தி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து கதிரைக்குப் பக்கத்தில் வைத்தாள். அன்று இரவு அவள் நல்ல நித்திரை கொண்டாள்.

அடுத்த நாளும் இயந்திரம் ஓடியது. தர்சிகா போர்வை கேட்டாள். அதற்கடுத்த நாள் பள்ளிக்கூடத்தால் வந்து, சாப்பிடாமல் படுத்துவிட்டாள். பதினாலு வயதுப் பிள்ளையின் கை கிணற்றுக் கல் போலச் சில்லிட்டிருந்தது. காய்ச்சல் இல்லை. ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்தார்கள், அதிலும் குறை இல்லை. சத்தாகச் சாப்பிடச் சொல்லி அனுப்பினார்கள்.

காற்றாடிகள் நின்றால் தர்சிகா எழும்பி இருந்து கஞ்சி குடிப்பாள். காற்றாடிகள் சுழலத் தொடங்கினால் அவள் உதடு வெளிறும். இரண்டு நாள் இதையே பார்த்துக்கொண்டிருந்த பராசக்திக்கு மூன்றாம் நாள் விளங்கியது. சுவரில் செருகாத இயந்திரம் பிள்ளையின் சூட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வயரின் கட்டை அவிழ்த்துச் சுவரில் செருகிப் பார்த்தாள். மகளின் கை சூடேறவில்லை. நானூறு காணாது என்று ஜெயரூபன் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. காணாத மிச்சத்தை எங்கிருந்தோ எடுத்துத்தானே ஆகவேண்டும். அவனுக்குப் போன் எடுத்தாள்.

அறுநூற்றைம்பது வாட் பெட்டியோடு அடுத்த நாள் ஜெயரூபன் வந்தான். வந்தவன் முதலில் சுவரிலிருந்து வயரைக் கழற்றினான். காற்றாடிகள் நிற்கவில்லை. கழற்றிய முனையைத் திருப்பிப் பார்த்துக் கீழே வைத்தான். பிறகு கண்ணாடியைத் திறந்து, கிராபிக்ஸ் கார்ட்டுக்குப் போகும் தடித்த வயரை இழுத்தான்.

பக்கத்து அறையில் தர்சிகாவின் மூச்சு நின்றது.

இருமல் இல்லை. முனகல் இல்லை. வந்துகொண்டிருந்த சத்தம் வரவில்லை, அவ்வளவுதான். பராசக்தி ஓடிப்போய்ப் பார்த்தாள். பிள்ளையின் கண் திறந்தபடி இருந்தது.

"செருகு தம்பி. செருகு."

அவன் செருகினான். தர்சிகா தண்ணீருக்குள்ளிருந்து வந்தவள் மாதிரி மூச்சை இழுத்தாள்.

"அன்ரி, என்னாலை ஏலாது" என்றான் ஜெயரூபன். ஆணி கழற்றிய திருப்புளியையும் எடுக்காமல் தெருப் படலையைத் திறந்து போட்டுவிட்டுப் போனான்.

பின்னேர வெளிச்சம் குறைந்தது. இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த வாசலில் பராசக்தி நின்றாள். இந்தப் பக்கம் தர்சிகாவின் போர்வை. அந்தப் பக்கம் திரை.

திரையில் காட்டுப் பாதை மறைந்து ஒரு பட்டியல் வந்தது. பராசக்தி எட்டாம் வகுப்பு. ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டினாள். லோ. மீடியம். ஹை. அல்ட்ரா. படத்தின் தெளிவைக் கூட்டுகிற படிகள், கூட்டக் கூட்டப் பவரும் கூட வேண்டும் என்பது முதலில் விளங்கவில்லை. மவுஸ் தானாக அசைந்தது. அம்பு லோவிலிருந்து இறங்கி மீடியத்தில் நின்றது. காடு திரும்பி வந்தது. அட்டை மாதிரி நின்ற மரங்களில் இப்போது இலை இருந்தது.

போர்வைக்குள் பிள்ளை நடுங்கினாள்.

"ராசா, காணுமடா, நிப்பாட்டு. தங்கச்சி பாவம்."

அவனுக்குக் கேட்கவில்லை. விளையாட்டில் இருந்தால் அவனுக்கு எப்போதும் கேட்பதில்லை. சாப்பிட மூன்று தரம் கூப்பிட வேண்டும். அவனிடம் கோபமில்லை, வன்மமில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அவன் வெறுமனே சந்தோஷமாக இருந்தான்.

ஓடிப்போய் இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியில் அழுத்தினாள்.

"அம்மாவிலை எடு. என்னிலை எடு ராசா."

கண்ணாடி இளஞ்சூடாக இருந்தது. அவளிடமிருந்து எதுவும் போகவில்லை. அம்பு இன்னொரு படி இறங்கியது. ஹை. பாதையோரத்தில் ஒரு குளம் வந்தது, குளத்துக்குள் வானம் வந்தது.

"அம்மா."

மிகச் சின்னக் குரல். பராசக்தி திரும்ப வாசலுக்கு ஓடினாள். அதற்குமேல் எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை.

க்ளிக். அல்ட்ரா.

திரையில் வெயில் வந்தது. புல்லின் ஒவ்வொரு நுனியும் தனித்தனியே அசைந்தது. பார்க்க அவ்வளவு வடிவு. இந்தப் பக்கம் போர்வை அசையவில்லை.

வெறும் பிளாஸ்டிக் கதிரை பின்னங்கால் இரண்டிலும் சாய்ந்து, மெல்ல மெல்ல ஆடத் தொடங்கியது.