கணவாயில் நல்ல வெயில்

மோடம் இணைப்பில் இருக்கும்போது தொலைபேசி அடிக்கக் கூடாது. கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் அந்தச் சின்ன வீட்டுக்கு இருந்தது ஒரே ஒரு லைன். அது வழியாகத்தான் கணினித் திரையில் வானிலைச் செயற்கைக்கோள் படம் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் அடித்தது. புஷ்பவல்லி எடுத்தாள். காதில் மோடத்தின் கீச்சொலிதான் கேட்டிருக்க வேண்டும். கேட்டது அவள் கணவன் வேலுமணியின் சிரிப்பு.

“எங்க புள்ள உன்ற பனிப்புயல்? வானம் தொடச்சு வெச்சாப்ல இருக்குது.”

அவன் அன்று விடியுமுன் நண்பன் நஞ்சப்பனோடு டாஹோ மலைக்குப் பனி பார்க்கக் கிளம்பியிருந்தான். மார்ச் பிறந்துவிட்டது, இதை விட்டால் அடுத்த வருஷம்தான் என்று இருவருக்கும் அவசரம். முந்தின நாள் சாப்பிடும்போது அவள் ஒரே ஒரு முறை சொன்னாள், தட்டைப் பார்த்தபடி: இது கடல் பக்கமிருந்து வரும் மழையில்லை, வடக்கிலிருந்து நிவாடா பாலைவனத்தின் ஓரமாகச் சறுக்கி இறங்கும் குளிர். இங்கே ஒரு தூறல்கூட விழாது. ஆனால் மலைக் கணவாயில் காலை ஒன்பது மணிக்குமேல் கண் தெரியாது.

வேலுமணி ஜன்னலைக் காட்டினான். “ஒரு மேகம் இல்ல. இவ புயலுங்கறா.”

“ஏனுங்க தங்கச்சி, எங்க கம்பெனி ஸ்டாக் எப்ப ஏறும்னு அந்தப் படத்துல தெரியுமுங்களா?” என்றான் கூடச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நஞ்சப்பன்.

சிரித்தார்கள். அவள் இரண்டாம் முறை சொல்லவில்லை. கோவையில் வேளாண் வானிலை படித்து முதுகலை வாங்கியவள், இங்கே வேலைக்குப் போக முடியாத மனைவி விசாவில் அரிசி களைகிறாள். கார்க் கண்ணாடிக்கு வெளியே தெரிவதுதான் வானிலை என்று நம்பும் இந்த சாஃப்ட்வேர் ஜென்மங்களிடம் என்ன பேச்சு? நான்கு மணி நேரம் மாட்டிக்கொண்டு, விறைத்த மூக்கோடு திரும்பி வரட்டும். புளிசாதம் கட்டிக் கொடுக்கும்போது இதை நினைத்தாள். நினைக்க இனித்தது.

இப்போது திரையில் கணவாய் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை. ஓட்டையில்லாத, இறுகிய வெள்ளை. பக்கத்தில் அளவுகள்: உறைநிலைக்குப் பதினாறு டிகிரி கீழே. காற்று மணிக்கு ஐம்பத்தைந்து மைல்.

“எங்கீங்க இருக்கறீங்க?”

“கணவாய்லதான். நல்ல வெயில். கோட்டக் கழட்டிப் போட்டுட்டேன்.”

பொய், என்று நினைத்தாள். ஏறத் துப்பில்லாமல் அடிவாரத்தில் ஏதோ காபிக் கடையில் உட்கார்ந்துகொண்டு ஜம்பம். ஆனால் காபிக் கடை என்றால் கோப்பைகள் மோதும், கதவு திறந்து மூடும், யாராவது இருமுவார்கள். அவன் குரலுக்குப் பின்னால் எதுவுமே இல்லை, பஞ்சு மூட்டைக்குள்ளிருந்து பேசுவதுபோல, ஒவ்வொரு சொல்லும் வாயை விட்டதுமே எதுவோ அதை உறிஞ்சிக்கொள்வதுபோல. புதுப்பனிதான் சத்தத்தை அப்படி உறிஞ்சும்.

குரல் அறுந்தது. படத்தின் அடுத்த கோடு இறங்கியது. மோடம் அறுபடவே இல்லை.

இருபது நிமிஷம் கழித்து மறுபடி.

“தாங்க முடியல புள்ள. சட்டையும் கழட்டியாச்சு. நஞ்சப்பன் பூட்ஸத் தூக்கி வீசிட்டான்.” நாக்கு தடித்திருந்தது.

அவள் முதுகு நிமிர்ந்தது. வகுப்பில் ஒரே வரியாகக் கடந்துபோன விஷயம். குளிரில் சாகிறவனுக்குக் கடைசியில் சுடும். சுருங்கிக் கிடந்த ரத்தக் குழாய்கள் தளர்ந்து, மிச்சமிருக்கும் சூடு தோலுக்கு ஓடிவரும். அவன் உடைகளைக் களைவான்.

“வண்டி எங்கீங்க?”

“எந்த வண்டி?”

மோடத்தின் வயரைப் பிடுங்கிவிட்டு நெடுஞ்சாலைக் காவலுக்கு அடித்தாள். தொலைபேசியில் இங்கிலீஷ் பேசுவதை எப்போதும் வேலுமணிக்கு விட்டுவிடுகிறவள். சாலையை ஒன்பதரைக்கே மூடிவிட்டோம் என்றார் அதிகாரி. அதற்குமுன் ஏறிய வண்டிகளைத் தேடவேண்டும், காற்று தணிந்தால்தான் பனி தள்ளும் வண்டி மேலே போகும். வெயிலடிக்கிறது என்கிறார் கணவர், சட்டையைக் கழற்றிவிட்டார் என்று அவள் சொன்னதும் அதிகாரியின் குரல் தாழ்ந்தது. மறுபடி அழைத்தால் உடுத்தச் சொல்லுங்கள். வண்டிக்குள் ஏறச் சொல்லுங்கள். எப்படியாவது நம்ப வையுங்கள்.

வைத்தாள். உடனே அடித்தது.

“கேளுங்க. அங்க வெயிலில்லீங்க. புயலுக்குள்ள நிக்கறீங்க. ஒடம்பு பொய் சொல்லுது. சட்டையத் தேடிப் போடுங்க. நஞ்சப்பண்ணனையும் போடச் சொல்லுங்க. நான் சொல்றத இந்த ஒரு தடவை நம்புங்க.”

நீண்ட மூச்சு. பிறகு சிரிப்பு. பின்னால் நஞ்சப்பனும். பின்னால் இன்னும் யார் யாரோ.

“நீ படத்துல பாக்கற. நான் கண்ணுல பாக்கறேன். இரு, உனக்கும் காட்டறேன்.”

அறை கதகதத்தது. நெஞ்சில் கிளம்பி விரல் நுனிவரை. ஹீட்டரைப் பார்த்தாள். ஓடவில்லை. ஸ்வெட்டரைக் கழற்றினாள். இன்னும் சூடு. வளையல்கள் சுட்டன. உருவினாள். மணிக்கட்டுத் தோலும் கூடவே வந்தது. வலிக்கவில்லை.

“தெரியுதா?”

தெரிந்தது. சுவரெல்லாம் வெயில்.

“சொல்லு. யாரு சொன்னது சரி?”

“நீங்க சொன்னதுதானுங்க.”

வாயிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது.

வெறுங்காலோடு பால்கனிக் கதவுக்குப் போனாள். கண்ணாடியின் உள்பக்கம் கெட்டியாகப் பனி உறைந்திருந்தது. உள்ளங்கையால் தேய்த்தாள். கீழே அரைக்கால் சட்டையில் ஒருவர் கார் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். கையிலிருந்த தண்ணீர்க் குழாய் நழுவியது.

அவள் சிரித்தபடி கையை ஆட்டினாள். விரல்கள் அடிவரை கறுநீலமாக இருந்தன. மடங்கவில்லை.