முதுகில் தைத்த பாக்கு

குறட்டை நின்றுபோனபோதுதான் சீனியம்மாளுக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. பதினெட்டு வருஷமாகக் காதைப் பொத்திக்கொண்டு அவள் திட்டித் தீர்த்த குறட்டை அது. மத்தியானம் இரண்டு மணி. கீழே மட்டாஞ்சேரிக் கடைவீதியில் கைவண்டிகள் கடகடத்துக்கொண்டிருக்க, சாத்திய ஜன்னலின் இடுக்கு வழியே சுக்கும் மிளகும் சாக்குத் தூசியும் கலந்த நெடி ஏறிக்கொண்டிருக்க, எல்லாவற்றுக்கும் மேலே ஓடிக்கொண்டிருந்த அந்தச் சத்தம் பாதியில் அறுந்தது. அவள் புருஷன் ஒச்சப்பன் மல்லாந்து கிடந்தான். வாய் திறந்திருந்தது. வயிறு ஏறி இறங்கியது. காற்று மட்டும் உள்ளே போகவில்லை.

அவள் எண்ணினாள். அரிசிக் கிட்டங்கியில் மூட்டை இறக்கும்போது ஒச்சப்பன் ஒன்று என்று சொல்லமாட்டான். லாபம் என்றுதான் தொடங்குவான். அவளுக்கும் அதே வழக்கம். லாபம், ரெண்டு, மூணு. இருபத்தாறில் தொண்டைக்குள் யாரோ சாக்கைக் கிழித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. உடம்பு தூக்கிப்போட்டு, மூச்சு திரும்பியது.

மூட்டை எண்ணும்போதே நின்றபடி தூங்கிவிடுகிறான் என்று முதலாளி அவனை இராக்காவலுக்கு மாற்றியிருந்தார். தூங்குகிறவனைக் காவலுக்குப் போட்ட அந்தப் புத்திசாலியால்தான் அவன் பகலில் தூங்கினான். “அக்கா, சேட்டனோட போட்டு கெளம்பியாச்சா?” என்று கீழ்வீட்டு ஜுமைலா அந்தக் குறட்டையைப் படகு எஞ்சினாக்கித் தினமும் கேலி செய்வாள்.

எரணாகுளத்து டாக்டர் கேலி செய்யவில்லை. ஒச்சப்பனின் கழுத்தை நாடாவால் அளந்தார்.

“உடம்புல தடி கூடுதல். கழுத்தும் கூடுதல். இவரோட அப்பன் எங்ஙன மரிச்சார்?”

“ஒறக்கத்துலதான் சார்.”

“குடி உண்டா?”

சீனியம்மாள் தரையைப் பார்த்தாள்.

“அதை நிறுத்தணும். தடி கொறையணும். மல்லாந்து கெடக்க மட்டும் விடாதீங்க. உறக்கத்துல தொண்டை அடையுது.”

அன்று சாயங்காலமே கோணி ஊசியை எடுத்து, அவனுடைய பனியனின் முதுகில் மூன்று கொட்டைப்பாக்குகளை வைத்துத் தைத்தாள். மல்லாந்தால் உறுத்தும், திட்டிக்கொண்டே ஒருக்களிப்பான். ஒரு மாசம் எண்ண வேண்டியிருக்கவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை வந்தது. எண்ணெய்க் குளியல். நல்லெண்ணெய் ஊறிய பனியனைச் சீயக்காய்த் தண்ணீரில் அவளேதான் முக்கினாள். கறிக்குழம்போடு அவன் கொஞ்சம் பிராந்தியும் குடித்தான்.

“எண்ணெ தேச்ச அன்னைக்குப் பகல்ல ஒறங்கக் கூடாதுங்க.”

“ராத்திரி காவலுக்கு யாரு போறது, நீயா? இன்னைக்காவது முதுகு நிம்மதியாக் கெடக்கட்டும்.”

வெறும் உடம்போடு படுத்தான். புரட்டிவிடக் கையைத் தோளில் வைத்தபடி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். விடியுமுன் எழுந்தவள். குறட்டை சீராகப் போய்க்கொண்டிருந்தது. எண்ணெய் வாசனை, வெக்கை, கீழே வண்டிச் சத்தம். ஒரு நிமிஷம் சுவரில் சாய்ந்தாள்.

விழித்தபோது ஜன்னல் இடுக்கில் வெயில் இடம் மாறியிருந்தது.

சத்தம் இல்லை.

எப்போது நின்றது? எத்தனையிலிருந்து தொடங்குவது? அவளுக்குத் தெரியவில்லை.

லாபம். ரெண்டு. தோளைப் பிடித்துப் புரட்டினாள். புரண்டது. கையை எடுத்ததும் மறுபடி மல்லாந்தது. பத்து. இருபது. இருபத்தாறு. சாக்குக் கிழியவில்லை. நாற்பது. வயிறு ஏறவில்லை. கொடியில் பனியன் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் முதுகில் மூன்று பாக்கும் ஊறித் தொங்கின. எழுபது.

நிறுத்தினால் முடிந்துபோகும். எண்ணிக்கொண்டிருக்கும் வரை இது இடைவெளிதான்.

நூறு. நூற்று ஒன்று.

நானூறைத் தாண்டியபோது படியில் காலடி கேட்டது. ஜுமைலா கதவைத் தள்ளினாள்.

“அக்கா, போட்டு நின்னாச்சா? சத்தமே காணலையே.”

பதில் சொன்னால் கணக்குத் தவறிவிடும். சீனியம்மாள் வாயில் விரலை வைத்து அவளைப் பேசாதிருக்கச் சொன்னாள். மற்றக் கை அவன் நெஞ்சில் இருந்தது. அங்கே எண்ணெய்ப் பிசுக்கு சில்லிட்டிருந்தது.

“நானூத்திப் பதினொண்ணு,” என்றாள், மிகவும் மெதுவாக. “நானூத்திப் பன்னெண்டு.”